பைத்தானா, ஜாவாவா, சி-யா? கோடிங் மொழி பற்றி சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிளஸ் டூ முடித்தவர்கள், பொறியியல், பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்பவர்கள், வேறு துறையிலிருந்து ஐ.டி.க்கு மாற நினைப்பவர்கள் ஆகியோருக்காகத் தொகுத்தவை இவை. எந்த மொழி உசத்தி என்ற சண்டை ஓயாது. எந்த வேலைக்கு எது ஒத்துவரும், எது எந்த இடத்தில் காலை வாரும் என்பதை மட்டும் திட்டவட்டமாகச் சொல்லிவிட முடியும்.

முதலில் எந்த மொழி? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பைத்தான். அதோடு தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்.க்யூ.எல். இரண்டும் ஓரளவு கைக்கு வந்தபின், ஐந்தாறு மாதம் கழித்து, ஜாவா அல்லது ஜாவாஸ்கிரிப்டில் ஒன்று. எம்பெடட் பக்கம் (வண்டி, இயந்திரங்களுக்குள் இருக்கும் சிப்புக்கு எழுதும் வேலை) போவது உறுதி என்றால் சி-யிலேயே தொடங்குங்கள்.

பைத்தானை முன்னால் வைக்க, அதன் புகழைவிட நம் ஊர்ப் பாடத்திட்டம்தான் பெரிய காரணம். தமிழ்நாடு பாடநூலில் கணினி அறிவியலுக்கு பதினொன்றாம் வகுப்பில் சி++, பன்னிரண்டில் பைத்தான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரிலேயே பைத்தான் பொதுப்பாடம். மெக்கானிக்கல், சிவில் மாணவர்களுக்கும் உண்டு. புத்தகம் வீட்டில் இருக்கிறது, சந்தேகம் கேட்க சீனியர் இருக்கிறார். இந்த வசதியை விட்டுவிட்டு ஹாஸ்கெல்லில் தொடங்குவது வீண் வீம்பு.

சுலபம் என்கிறார்கள். ஆனால் முதல் வாரத்திலேயே பைத்தான் ஓட மறுக்கிறதே?

முதல் வார முட்டுக்கட்டைகளில் பாதி, மொழியோடு சம்பந்தமில்லாதவை. விண்டோஸில் இன்ஸ்டால் செய்யும்போது முதல் திரையின் கீழே ‘பாத்-இல் சேர்’ என்ற சிறு கட்டம் இருக்கும். அதை டிக் செய்யாமல் தாண்டிவிட்டால், கமாண்ட் திரையில் பைத்தான் என்று அடிக்கும்போது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி டிக் செய்தால் சரியாகிவிடும்.

அடுத்தது, கோப்புக்கு வைக்கும் பெயர். ரேண்டம் என்ற நூலகம் பற்றிப் படிக்கும்போது பயிற்சிக் கோப்புக்கும் ‘ரேண்டம்’ என்றே பெயர் வைத்தால், பைத்தான் தன் நூலகத்துக்குப் பதிலாக உங்கள் கோப்பையே இம்போர்ட் செய்யும். பிறகு ‘அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை’ என்று சாதிக்கும். டர்ட்டில், ஈமெயில் போன்றவற்றுக்கும் இதே கதைதான்.

மூன்றாவது, நூலகங்களை இறக்கித் தரும் பிப்-பில் ஒன்றை இன்ஸ்டால் செய்தபின்னும் ‘மாட்யூல் இல்லை’ என்று வருவது. கணினியில் இரண்டு பைத்தான் இருக்கிறது, ஒன்றில் ஏற்றி மற்றொன்றில் ஓட்டுகிறீர்கள். பிப்-பை நேரடியாக அழைக்காமல், ‘பைத்தான் ஹைஃபன்-எம் பிப்’ என்று பைத்தான் வழியாகவே அழைத்தால் எதில் ஓட்டுகிறீர்களோ அதில்தான் ஏறும். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனித்தனி வீஎன்வி (தனி நூலகச் சூழல்) போட்டுக்கொள்ளும் பழக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட வேண்டும்.

எல்லா மொழியும் ஒன்றுதான், லாஜிக் தெரிந்தால் போதும் என்கிறார்களே?

பாதி உண்மை. மீதிப் பாதியைப் பார்க்க ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை பெருக்குவது) ப்ரோகிராமை எடுத்துக்கொள்ளுங்கள். லாஜிக் நான்கு வரி, எல்லா மொழியிலும் ஒன்றே.

சில கல்லூரி லேப்களில் இன்னும் கிடக்கும் டர்போ சி-யில் முழு எண்ணுக்கான இன்ட் வகை 16 பிட். அது தாங்கும் பெரிய எண் 32,767. 7-க்கு 5,040 என்று சரியாக வரும். 8-க்கு 40,320 வருவதற்குப் பதில் மைனஸ் 25,216 வரும். மைனஸ் வந்ததால் தப்பு என்று கண்ணிலாவது படுகிறது. ஜாவாவில் இன்ட் 32 பிட், உச்சவரம்பு 214 கோடியே சொச்சம். 12 வரை சரி. 13-க்கு 622,70,20,800 வர வேண்டிய இடத்தில் 193,20,53,504 என்று வரும். பார்க்க நியாயமான எண்ணாகவே தெரியும். எந்த எர்ரரும் வராது. லாங் என்று மாற்றினால் 20 வரை தாங்கும், 21-இல் மறுபடி உடையும். பைத்தானில் நினைவகம் உள்ளவரை எண் நீளும், 100-க்கும் சரியான விடைதான்.

ஜாவாஸ்கிரிப்டின் சங்கடம் வேறு. அங்கே சாதாரண எண்கள் எல்லாமே தசம எண் வகைதான். 9007199254740991 வரைதான் முழு எண்கள் பிசகாமல் நிற்கும். 9007199254740993 என்று எழுதினால் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண், ஆர்டர் எண் போன்றவற்றை எண்ணாகச் சேமிக்கக் கூடாது, ஸ்ட்ரிங்காக வைக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். முன்னால் இருக்கும் பூஜ்யம் தொலைந்துபோகும் என்பது இன்னொன்று.

காசுக் கணக்கிலும் இப்படித்தான். பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் மூன்றிலும் 0.1 + 0.2 என்றால் 0.30000000000000004. அதனால் பில் போடும் ப்ரோகிராமில் ரூபாயைத் தசமமாக வைக்காமல் பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். அல்லது பைத்தானில் டெசிமல், ஜாவாவில் பிக்டெசிமல் பயன்படுத்துங்கள். 2.5-ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 3 தரும், பைத்தான் 2 தரும். பைத்தான் பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுகிறது. ஜி.எஸ்.டி. கணக்கை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது பைசா இடிப்பது இங்கேதான்.

கல்லூரியில் டர்போ சி-தான் சொல்லித் தருகிறார்கள். என்ன செய்வது?

செய்முறைத் தேர்வுக்கு அங்கே எதிர்பார்ப்பதை எழுதுங்கள். வீட்டில் ஜி.சி.சி. கம்பைலரைப் பயன்படுத்துங்கள். டர்போ சி 1990-களின் தொடக்கத்து டாஸ் காலச் சரக்கு. இன்றைய விண்டோஸில் அதை டாஸ்பாக்ஸுக்குள் வைத்துத்தான் ஓட்ட முடிகிறது. அதில் பழகியவர்கள் வெளியே வந்ததும் இடறும் இடங்கள் தெரிந்தவைதான்: கிளியர்-ஸ்கிரீன் ஜி.சி.சி.யில் கிடையாது, லினக்ஸில் கோனியோ ஹெடரும் இல்லை, மெயின் ஃபங்ஷன் வாய்டு அல்ல இன்ட், பழைய கெட்ஸ் ஃபங்ஷன் 2011-ஆம் ஆண்டுத் தரநிலையிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது.

ஜி.சி.சி.யில் கம்பைல் செய்யும்போது பொதுவான எச்சரிக்கைகளைக் காட்டும் ‘டபிள்யூ-ஆல்’ ஆப்ஷனை எப்போதும் சேருங்கள். 5 இடம் உள்ள அர்ரேயின் ஆறாவது இடத்தில் எழுதினால் சி பல நேரம் வாயே திறக்காது. எங்கோ வேறொரு வேரியபிள் கெட்டு, அரை மணி கழித்துத் தெரியும். லினக்ஸிலோ, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.-இலோ, நினைவகத் தவறைப் பிடிக்கும் அட்ரஸ் சானிட்டைசரோடு ஓட்டினால் எந்த வரி என்பதையே காட்டிவிடும். ஸ்கேன்-எஃப்பில் எண்ணுக்குப் பிறகு ஓர் எழுத்தை வாங்கும்போது ப்ரோகிராம் நிற்காமல் தாண்டி ஓடுவது இன்னொரு நிரந்தரப் புகார். எண்ணுக்குப் பின் நீங்கள் தட்டிய என்டரையே அது எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. பர்சன்ட்-சி-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டால் தீர்ந்தது.

சென்னையில் வேலைக்கு ஜாவாவா, பைத்தானா?

ஓ.எம்.ஆர்., கிண்டி, போரூர் பக்கத்துப் பெரிய சேவை நிறுவனங்களின் கேம்பஸ் கோடிங் தேர்வில் பொதுவாக சி, சி++, ஜாவா, பைத்தான் நான்கில் எதையும் தேர்ந்துகொள்ளலாம். உள்ளே போனபின் எந்த ப்ராஜெக்ட் என்பது உங்கள் கையில் இல்லை. வங்கி, காப்பீடு, சில்லறை வணிகம் சார்ந்த ப்ராஜெக்டுகளில் ஜாவா, ஸ்பிரிங் பூட் (ஜாவாவில் சர்வர் எழுத உதவும் ஃபிரேம்வொர்க்), எஸ்.க்யூ.எல். கூட்டணிதான் அன்றாடச் சாப்பாடு. டேட்டா, ஆட்டோமேஷன், மெஷின் லேர்னிங் பக்கம் பைத்தான். ஒரு நிறுவனம் எந்த மொழியில் கட்டப்பட்டது என்பது அது தொடங்கிய காலத்தையும் பொறுத்தது. 2010-இல் இங்கே தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், ரூபி ஆன் ரெயில்ஸில் வளர்ந்தது. அதனால்தான் வேறெங்கும் அதிகம் பேசப்படாத ரூபிக்குச் சென்னையில் ஆள் இருக்கிறார்கள்.

எங்கள் யோசனை: கேம்பஸ் தேர்வை எந்த மொழி கையில் ஓடுகிறதோ அதில் எழுதுங்கள். வேலைக்கு என்று தனியாக ஒரு மொழியை ஆழமாகப் படிப்பதானால் ஜாவா. மொழி அழகு என்று பார்த்தால் அது எங்கள் முதல் தேர்வு அல்ல. வாய்ப்புகளின் பரப்பைப் பார்த்துச் சொல்கிறோம்.

ஜாவாவில் தொடங்கும்போது 21 பதிப்பைப் போடுங்கள், 17-க்குக் கீழே வேண்டாம். பழைய காணொளிகள் பல 2014-இல் வந்த ஜாவா 8-ஐ வைத்து எடுத்தவை. 2022 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 3-க்கு ஜாவா 17 கட்டாயம். அதோடு ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்களில் பெர்சிஸ்டன்ஸ், சர்வ்லெட், வேலிடேஷன் போன்றவை ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன. பழைய பாடத்தைப் பார்த்து அப்படியே அடித்தால் ‘பேக்கேஜ் இல்லை’ என்ற எர்ரர் வரிசையாக வரும். இம்போர்ட் வரிகளை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும்.

நேர்முகத்தில் சலிக்காமல் கேட்கப்படுவது ஒன்று உண்டு. இரண்டு ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால், உள்ளடக்கத்தைப் பார்க்காமல் இரண்டும் ஒரே ஆப்ஜெக்டா என்றுதான் ஜாவா பார்க்கும். உள்ளடக்கத்துக்கு ஈக்வல்ஸ் வேண்டும். இதன் விசித்திரமான தம்பி: இரண்டு இன்டிஜர் ஆப்ஜெக்டில் 127 வைத்து ஒப்பிட்டால் சமம், 128 வைத்தால் சமமில்லை. மைனஸ் 128 முதல் 127 வரை உள்ள எண்களை ஜாவா முன்கூட்டியே உருவாக்கிப் பகிர்ந்துகொள்வதால் வரும் கூத்து இது. பாடமாக ஒப்பிப்பதைவிட ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

மேனுவல் டெஸ்டிங்கிலோ பி.பி.ஓ.விலோ இருக்கிறேன். எனக்கு எது?

டெஸ்டிங்கில் இருப்பவருக்கு, பிரவுசரைத் தானாக இயக்கிச் சோதிக்கும் செலினியம். அதை ஜாவாவில் கேட்கும் இடங்களே இங்கே அதிகம் கண்ணில் படும், பைத்தானும் செல்லும். குரோம் டிரைவரைத் தனியாக இறக்கி, பாத் கொடுத்து, பதிப்பு பொருந்தாமல் அல்லாடும் பாடத்தில் நேரம் செலவிடாதீர்கள். செலினியம் 4.6 முதல் அதுவே பார்த்துக்கொள்கிறது. டேட்டா என்ட்ரி, எம்.ஐ.எஸ். வேலையில் இருப்பவர் எக்செல்லிலிருந்து எஸ்.க்யூ.எல்., பிறகு பைத்தானின் பாண்டாஸ் நூலகம் என்று போவதுதான் குறுக்கு வழி.

பைத்தான் மெதுவாக ஓடும் என்பது உண்மையா?

உண்மைதான். வெறும் லூப்பில் சி++-ஐவிடப் பல பத்து மடங்கு மெதுவு. ஆனால் ‘என் ப்ரோகிராம் டைம்-லிமிட்டைத் தாண்டுகிறது’ என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பைத்தான் குற்றவாளி இல்லை.

1 லட்சம் பெயர் உள்ள லிஸ்டில் 1 லட்சம் பெயர்களை ஒவ்வொன்றாக ‘இருக்கிறதா’ என்று தேடினால், மோசமான நிலையில் 1,000 கோடி ஒப்பீடு. சி++-இல் எழுதினாலும் ஒரு நொடியில் முடியாது. லிஸ்டை செட் ஆக மாற்றுவது ஒரே வரி. வேலை லட்சக்கணக்கில் சுருங்கி, கண் இமைப்பதற்குள் முடியும். லட்சக்கணக்கான வரி உள்ளீடு இருந்தால் இன்புட் ஃபங்ஷனுக்குப் பதில் சிஸ் மாட்யூலின் ரீட்லைன் வைத்துப் பாருங்கள். எண் கணக்குகளை நம்பை நூலகத்துக்கு மாற்றினால் லூப் சி-யில் ஓடும்.

இதற்கெல்லாம் பிறகும் மெதுவாக இருந்தால் அப்போது மொழியை மாற்றுங்கள். போட்டிக் கோடிங்கே குறி என்பவர் மட்டும் நேராக சி++-க்குப் போகலாம். பல த்ரெட்டை (ஒரே ப்ரோகிராமுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) போட்டும் வேகம் கூடவில்லை என்றால் ஜி.ஐ.எல். என்ற பூட்டு காரணம். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் கோடை ஓட்டும். 2024-இல் வந்த 3.13 பதிப்பில் அந்தப் பூட்டு இல்லாத வடிவம் சோதனைக்கு வந்தது. இப்போதைக்கு, வேலையைப் பல ப்ராசஸாகப் பிரிக்கும் மல்டிப்ராசஸிங்கை நம்புங்கள்.

ஜாவாஸ்கிரிப்டில் தொடங்கினால் என்ன?

தாராளமாக. எழுதியதை உடனே பிரவுசரில் பார்க்கலாம் என்பது பெரிய ஊக்கம். பிரச்சினை, மூன்றாவது நாளே ரியாக்ட் நூலகம் படிக்கத் தாவுவதில் இருக்கிறது. அர்ரே, ஆப்ஜெக்ட், ப்ராமிஸ் மூன்றும் விளங்காமல் ரியாக்ட்டுக்குப் போனால், எர்ரர் யாருடையது என்றே தெரியாது.

1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் இதன் முதல் வடிவத்தை உருவாக்கினார். அவசரத்தின் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. மேற்கோளுக்குள் இருக்கும் ‘5’-உடன் 1-ஐக் கூட்டினால் 51, கழித்தால் 4. 10, 9, 1 என்ற அர்ரேயை வெறுமனே சார்ட் செய்தால் 1, 10, 9 என்று வரும். எண்களை அது எழுத்துகளாக நினைத்து அடுக்குகிறது. ஒப்பிடும் ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் எண் வரிசை. மூன்று மாதத்துக்குப் பின், வேரியபிளின் வகையைச் சரிபார்க்கும் டைப்ஸ்கிரிப்டுக்கு மாறிவிடுங்கள். இந்த வகைக் குளறுபடிகளில் சிலவற்றை அது முன்கூட்டியே பிடிக்கும்.

சி செத்துவிட்டது என்கிறார்களே?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மறைமலை நகர் என்று வண்டித் தொழிற்சாலைகள் சூழ்ந்த ஊரில் இருந்துகொண்டு அப்படிச் சொல்வது வேடிக்கை. வண்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் யாரோ சி எழுதுகிறார்கள். அங்கே எழுதும் சி, கல்லூரி சி அல்ல. மிஸ்ரா என்ற விதித்தொகுப்பு 1998 முதல் இருக்கிறது. மலாக் (ஓடும்போது நினைவகம் கேட்டு வாங்குவது) வேண்டாம், ரிகர்ஷன் (ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) வேண்டாம் என்பவை அதன் விதிகளில் அடக்கம். ஓடும் வண்டியில் நினைவகம் தீர்ந்துபோகக் கூடாது என்பதுதான் காரணம்.

பழக, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு ஈ.எஸ்.பி.32 மைக்ரோகன்ட்ரோலர் போர்டு வாங்கினால் போதும். கூடவே டேட்டா போகும் யூ.எஸ்.பி. கேபிளையும் கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளை மாட்டிவிட்டு ‘போர்ட்டே காட்டவில்லை’ என்று போர்டைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்கள் ஏராளம். இந்த போர்டின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கானவை. எல்லோரும் வாங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 தூரம் அளக்கும் சென்சாரின் எக்கோ பின்னில் 5 வோல்ட் வரும். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக போர்டின் பின்னுக்கும், அந்தப் பின்னிலிருந்து 2 கிலோ ஓம் வழியாக கிரவுண்டுக்கும் இணைத்தால் 3.3 வோல்ட் அளவுக்கு இறங்கும். இன்டரப்ட்டில் (சைகை வந்ததும் குறுக்கிட்டு ஓடும் கோடில்) மாறும் வேரியபிளுக்கு முன் வாலடைல் போட மறக்காதீர்கள். போடாவிட்டால், டீபக் செய்யும்போது ஓடும் ப்ரோகிராம் ஆப்டிமைஸ் செய்ததும் ஒரு லூப்பில் மாட்டிக்கொண்டு நிற்கலாம். அந்த வேரியபிள் வெளியிலிருந்து மாறும் என்பது கம்பைலருக்குத் தெரியாது.

தமிழ் எழுத்துகளைக் கையாள எந்த மொழி நல்லது?

வேலை தேடுவோர் கேட்காத, ஆனால் அரசு இணையதளம், நூலகப் பட்டியல், தமிழ்ச் செயலி என்று எதைத் தொட்டாலும் முன்னால் வந்து நிற்கும் கேள்வி.

‘தமிழ்’ என்ற சொல் நமக்கு 3 எழுத்து: த, மி, ழ். யூனிகோடில் அது 5 குறியீடு: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்-8 கோப்பில் 15 பைட். நீளம் எவ்வளவு என்று கேட்டால் பைத்தானும் ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. சி, கோ, ரஸ்ட் மூன்றும் 15 என்கின்றன. ஸ்விஃப்ட் மட்டும் 3 என்கிறது. இவற்றில் பிறவியிலேயே நம் எழுத்துக் கணக்கோடு ஒத்துப்போவது அது ஒன்றுதான். ஜாவாஸ்கிரிப்டில் இன்டல் செக்மென்டர் வைத்தும், பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகம் வைத்தும் இதே 3-ஐப் பெறலாம்.

பைத்தானில் ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டால் புள்ளி முதலில் வந்து நிற்கும். அதைவிட மோசமானது ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் குறியீடு). சொற்களைப் பிரிக்க எல்லோரும் எழுதும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ’, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக மதிப்பதில்லை. ‘தமிழ்’ என்பதை அது ‘தம’, ‘ழ’ என்று வெட்டிவிடும். மெஷின் லேர்னிங் நூலகமான சைகிட்-லேர்னில் சொற்களை எண்ணும் கவுன்ட் வெக்டரைசர் இதே முறையை உள்ளே வைத்திருக்கிறது. போதாததற்கு ஒற்றைக் குறியீட்டுத் துண்டுகளைத் தூக்கி எறிந்துவிடும். ஆக மிஞ்சுவது ‘தம’. தமிழ்ச் செய்திகளை வகைப்படுத்தும் மாணவர் ப்ராஜெக்ட் எதிர்பார்த்ததைவிட மட்டமாக வந்தால் முதலில் இதைப் பாருங்கள். டோக்கன் பேட்டர்னை இடைவெளியை வைத்துப் பிரிக்கும்படி மாற்றுவது எளிய தீர்வு. ரீஜெக்ஸ் என்ற வெளி நூலகம் குறிகளைச் சரியாக மதிக்கும்.

அகரவரிசையும் தானாக வராது. யூனிகோடு பட்டியலில் ழ, வ-வுக்கு முன்னால் இருக்கிறது. ன, ப-வுக்கு முன்னால் இருக்கிறது. அதனால் சாதாரண சார்ட், கவிதைக்கு முன் கழுதையை வைக்கும், கபத்துக்கு முன் கனியை வைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் லோக்கேலோடு இன்டல் கொலேட்டர், போஸ்ட்கிரெஸில் ஐ.சி.யூ. கொலேஷன், பைத்தானில் பை-ஐ.சி.யூ. என்று வழிகள் உண்டு.

கொ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒற்றை ஒகரக் குறியாக, அல்லது கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்று, ஒப்பிட்டால் வேறு. உள்ளே வாங்கும்போதே என்.எஃப்.சி. என்ற ஒரே வடிவத்துக்கு நார்மலைஸ் செய்துவிடுங்கள். ஆனால் கௌ என்பதற்குப் பதில் கெ, ள என்று இரண்டாகத் தட்டுபவர்களை எந்த நார்மலைசேஷனாலும் காப்பாற்ற முடியாது. தனியாகத்தான் திருத்த வேண்டும்.

விண்டோஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போது என்கோடிங் யூ.டி.எஃப்-8 என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் பூச்சி பூச்சியாக வரலாம். எக்செல்லில் திறக்கப்போகும் சி.எஸ்.வி.க்கு ‘யூ.டி.எஃப்-8-சிக்’ கொடுங்கள். ஆரக்கிள் தரவுத்தளத்தில் எழுத்துப் புலத்தை வார்கேர்2 20 என்று அறிவித்தால் இயல்பாக 20 பைட், அதாவது தமிழில் 6 குறியீடு. ‘கார்த்திகேயன்’ என்ற பெயருக்கு 39 பைட் வேண்டும்.

எஸ்.க்யூ.எல். ஏன் கட்டாயம்?

எந்த மொழி வேலைக்குப் போனாலும் அது கூடவே வரும் என்பதால். செலக்ட், ஜாயின், குரூப் பை மூன்றும் தண்ணீர் பட்ட பாடாக வேண்டும். கட்டணம் கட்டாத மாணவர்களையும் சேர்த்துக் காட்ட லெஃப்ட் ஜாயின் போடுகிறீர்கள். பிறகு ‘வேர்’ என்ற நிபந்தனைப் பகுதியில் கட்டண அட்டவணையின் ஆண்டைக் குறிப்பிடுகிறீர்கள். கட்டாதவர்கள் அத்தனை பேரும் பட்டியலிலிருந்து மறைந்துவிடுவார்கள். அந்த நிபந்தனை, அட்டவணைகளை இணைக்கும் ‘ஆன்’ பகுதிக்குள் போக வேண்டும். ‘நல்’ எனும் வெற்று மதிப்பைச் சமக்குறியால் தேடக் கூடாது, இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும். அப்டேட் அடிக்கும் முன் டிரான்சாக்‌ஷனைத் தொடங்கிவிட்டு அடியுங்கள். வேர் மறந்துபோனால் ரோல்பேக் இருக்கிறது.

கோ, ரஸ்ட், காட்லின், பி.எச்.பி.?

ஆண்ட்ராய்டு என்றால் காட்லின். 2019 முதல் கூகுள் அதற்குத்தான் முதலிடம் தருகிறது. கோ, கிளவுடு வேலைக்கு இரண்டாம் மொழியாக நல்லது. ரஸ்ட் படிக்க அருமையான மொழி, ஆனால் ஃபிரஷராக அதை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவது கடினம். பி.எச்.பி.யைக் கிண்டல் செய்பவர்கள் வேர்ட்பிரஸ் அதில்தான் ஓடுகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள், தி.நகர்க் கடைக்கும் தாம்பரம் பள்ளிக்கும் தளம் போட்டுத் தருபவருக்கு அது இன்றும் சோறு போடுகிறது.

தமிழ்வழியில் படித்தேன். ஆங்கிலம் தடையா?

பைத்தானின் சொந்தச் சொற்கள் மொத்தம் 35. அது தடையல்ல. எர்ரர் செய்தியைப் படிக்காமல் மூடிவிடும் பழக்கம்தான் தடை. பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்று அங்கே இருக்கும், எந்த வரி என்பது அதற்குச் சற்று மேலே. ஜாவாவில் ‘காஸ்டு பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைத் தேடுங்கள். சி-யில் முதல் எர்ரரை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்யுங்கள். மீதி இருபதில் பாதி தானாகப் போய்விடும்.

படிக்க, பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல் நல்ல தொடக்கம். 2012 முதல் வரும் கணியம் மின்னிதழ், பைத்தான், மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் பற்றிய தமிழ் மின்னூல்களை இலவசமாகத் தருகிறது. என்.பி.டி.இ.எல். இணைய வகுப்புத் தளத்தில் சிறுசேரி சென்னை கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர் வகுப்பு உண்டு. கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். சந்தேகம் கேட்க ஆள் வேண்டும் என்றால் பைத்தான் பயனர்களுக்குச் சென்னைபை, லினக்ஸுக்கு ஐ.எல்.யூ.ஜி.சி. என்ற குழுக்கள் இருக்கின்றன.

பைத்தான் 3-இல் வேரியபிள் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கற்கும்போது வையுங்கள், குழுவில் வேலை செய்யும்போது ஆங்கிலத்துக்கு மாறுங்கள்.

வேளச்சேரி, தி.நகர் பயிற்சி நிலையங்களில் சேரலாமா?

ஒழுங்காக உட்கார வைக்க ஒருவர் வேண்டும் என்றால் சேரலாம். பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். எந்த ஜாவா பதிப்பு? கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) வகுப்பு உண்டா? பாடம் எடுப்பவர் எங்கள் கோடைப் படித்துத் திருத்துவாரா? சென்ற பேட்ச் மாணவர் செய்த ப்ராஜெக்டைக் காட்ட முடியுமா? ‘பத்து மொழி, மூன்று மாதம்’ என்று போட்டிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். ‘வேலை உத்தரவாதம்’ என்பதை எழுத்தில், பணம் திரும்பும் நிபந்தனையோடு கேளுங்கள். பதிலிலேயே விஷயம் தெரிந்துவிடும்.

ஏ.ஐ. எழுதித் தருகிறதே, இனி மொழி படிக்க வேண்டுமா?

எழுதுவது குறையும், படித்துப் பார்ப்பது கூடும். அது தரும் கோடில் இல்லாத பேக்கேஜின் பெயர் இருக்கலாம். இன்ஸ்டால் செய்யும் முன் அப்படி ஒன்று உண்டா, யார் வெளியிட்டது என்று பாருங்கள். மேலே சொன்ன பைசா ரவுண்டிங், இரட்டைச் சமக்குறி, தமிழ் ரெகுலர் எக்ஸ்பிரஷன் மூன்றும் பார்வைக்குப் பிழையற்ற கோடுக்குள் ஒளிந்திருப்பவை. முதல் இரண்டு மாதம் கையால் எழுதுங்கள். பிறகு அது தருவதை வரி வரியாக விளக்க முடிந்தால் மட்டும் உங்கள் ப்ராஜெக்டில் சேருங்கள். நேர்முகத்தில் கேட்கப்போவதும் அந்த விளக்கத்தைத்தான்.

எந்த லேப்டாப் வேண்டும்?

பைத்தான், சி, எஸ்.க்யூ.எல்.-க்கு 8 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. இருந்தால் பழைய ஐ3 போதும். ஸ்பிரிங் பூட், ஐ.டி.இ., பிரவுசர் மூன்றையும் ஒன்றாகத் திறந்தால் 8 ஜி.பி. திணறும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் என்றால் 16 ஜி.பி.; இல்லாவிட்டால் எமுலேட்டரை விட்டுவிட்டு உங்கள் போனையே கேபிளில் இணைத்து ஓட்டுங்கள். மெஷின் லேர்னிங்குக்காக கிராஃபிக்ஸ் கார்டு வாங்க இப்போதே கடன் வாங்க வேண்டாம், கற்கும் அளவுக்கு இணையத்திலேயே ஓடும் கூகுள் கோலாப் தாங்கும். பழைய ஹார்டு டிஸ்க் உள்ள இயந்திரம் என்றால், புது லேப்டாப்புக்கு முன் ரிச்சி தெருவில் ஒரு எஸ்.எஸ்.டி. மாற்றிப் பாருங்கள்.